அப்பாவுக்கு எஞ்சின் நம்பர் தெரியும்

*திருகோணமலையிலிருந்து மாலையில் புறப்படும் தபால் வண்டியில் ஒரு தலைமுறை நினைவுகளோடு ஏறுகிறது, அடுத்தது கைபேசியோடு. ரயில் பித்துப் பிடித்தவர்களைச் சந்திக்க ஓர் இரவுப் பயணம்.*

திருகோணமலை புகையிரத நிலையத்தில் பொழுது பட்டுவிட்டது. கொழும்புக் கோட்டைக்கான இரவுத் தபால் வண்டியின் பெட்டிகள் மேடையில் நிற்கின்றன, எஞ்சின் இன்னும் மாட்டப்படவில்லை. சனம் முழுக்க யன்னலோர இருக்கை பிடிப்பதில் மும்முரமாக இருக்க, அப்பா பயணப்பையை என் கையில் திணித்துவிட்டு எதிர்ப்பக்கமாக, மேடையின் நுனிக்கு நடக்கிறார். எழுபது கடந்த கால்கள். முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வந்தவர்தான். எஞ்சின் வரும் சத்தம் கேட்டதும் அந்த நடையில் வலியைக் காணோம்.

பின்னோக்கி வந்த எஞ்சின் முதல் பெட்டியை இடிக்காமல் தொட்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே குனிந்து புகுந்த ஊழியர் கொக்கியை மாட்டித் திருகை இறுக்கினார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த தடித்த இறப்பர்க் குழாய்கள் இரண்டையும் எடுத்து வாயோடு வாய் வைத்துப் பூட்டினார்.

"இனி வக்குவம் ஏறவேணும் பிள்ளை. அது ஏறாமல் சில்லு அசையாது" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரி. குழாய்க்குள் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால்தான் பிறேக் விடும். வழியில் ஒரு குழாய் கழன்றால் காற்று உள்ளே பாயும், வண்டி தானாகவே நிற்கும். உலகின் பெரும்பகுதி அழுத்தக் காற்று பிறேக்குக்கு மாறிவிட்ட பிறகும் இலங்கையின் பெரும்பாலான வண்டிகள் இந்தப் பழைய முறையில்தான் ஓடுகின்றன. பக்கத்தில் பாடசாலைப் பையன்கள் மூவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் அப்பாவைப் பார்த்துக் கேட்டான்: "ஐயா, இது எம்-4 எஞ்சின்தானே?"

இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். இருக்கை பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

யார் இந்த ரசிகர்கள்?

கிரிக்கெட் பித்து, சினிமாப் பித்து எல்லாம் நமக்குப் பழகிப்போனவை. ரயில் பித்து என்றால் மட்டும் ஒரு சிரிப்பு வரும். ஆனால் தென்னிலங்கையிலும் கண்டிப் பக்கத்திலும் இது பல ஆண்டு ஊறிய பொழுதுபோக்கு. எஞ்சின் வகுப்பு, இலக்கம், ஹோர்ன் சத்தம், பழைய கால அட்டவணை, தடித்த அட்டை டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1855ஆம் ஆண்டு நீராவி எஞ்சினைப் பெரம்பூர்ப் பட்டறை 2010இல் மீண்டும் ஓடவைத்தபோது அதைப் பார்க்கத் திரண்டவர்களும் இந்தச் சாதிதான்.

வடக்கு கிழக்கில் இந்தக் கூட்டம் சிறியது. ஆர்வம் குறைந்ததால் என்று சொல்லிவிட முடியாது. வடபகுதிப் பாதை 1990இல் வவுனியாவோடு அறுந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் மறுபடி வந்தது 2014 ஒக்ரோபரில். இடையில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளைகளில் பலர் தங்கள் ஊரில் தண்டவாளத்தையே பார்த்ததில்லை. திருகோணமலையில் பாதை இருந்தது, ஆனால் 1980களின் நடுவிலிருந்து வண்டி நின்று நின்றுதான் ஓடியது. இன்று ஓடுமா, கல்ஓயாவோடு திரும்பிவிடுமா என்று நிலையத்துக்குப் போய்க் கேட்டுத்தான் அறிய வேண்டிய காலம் அது.

அதனால் எங்கள் பக்கத்தில் ரயில் ஆசை கழகம் வழியாகவோ சஞ்சிகை வழியாகவோ வந்து சேர்வதில்லை. வீட்டில் ஒருவர் சொல்லி, இன்னொருவர் கேட்டு வருகிறது. எனக்கு அது அப்பா வழியாக வந்தது. கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். அரச ஊழியர்களுக்கு வருடாவருடம் கிடைக்கும் ரயில் வாறண்ட் எங்கள் வீட்டில் தீபாவளிச் சட்டைக்கு நிகரான பொருள். வாறண்ட் கையில் வந்த அன்றே எந்த உறவினர் வீட்டுக்குப் போவது என்று அம்மா யோசிப்பா. அப்பா யோசிப்பது எந்தப் பாதையில் போவது என்பதை மட்டும்.

▪ பெட்டிச் செய்தி: துறைமுகம் தேடி வந்த பாதை

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான திருகோணமலைக்குத் தண்டவாளம் வர மேலும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1927இல் திருகோணமலைப் பாதையும் 1928இல் மட்டக்களப்புப் பாதையும் திறக்கப்பட்டன. வடபகுதிப் பாதையில் மாகோவில் பிரியும் கிளை, கல்ஓயாச் சந்தியில் மறுபடி இரண்டாகிறது. அங்கிருந்து அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 70 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டையிலிருந்து மொத்தம் 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பாதை முழுவதும் 1676 மில்லிமீற்றர் அகலத் தடம், மாகோவுக்கு இப்பால் ஒற்றைப் பாதை.

சீனக்குடாவில் யன்னலை மூடு

வண்டி நிலையத்தை விட்டு உள்துறைமுகத்தை வளைத்துப் போகிறது. சற்றுநேரத்தில் சீனக்குடா. ஒரு பக்கம் மா ஆலையின் விளக்குகள், அப்பால் சீமெந்துத் தொழிற்சாலை, இன்னும் அப்பால் விமானப்படைத் தளம். காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றில் ஒன்று எரிந்தழிந்தது. மிச்சமுள்ள தாங்கிகளைப் பற்றித்தான் இன்றைக்கும் கொழும்பும் டில்லியும் பேசிக்கொண்டிருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தம் 61 தாங்கிகளைக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கும், 14ஐ இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் என்று பிரித்தது.

இப்படியொரு இடத்தில் தண்டவாளத்தோரம் கமெராவோடு நிற்கும் தமிழ்ப் பையனுக்குப் போர்க்காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரயில் அன்று யாருக்கும் வெறும் ரயிலாக இருக்கவில்லை. 1985 ஜனவரியில் முறிகண்டியில் யாழ்தேவி ரயில் தாக்கப்பட்டது. 1996 ஜூலையில் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சோதனை, அடையாள அட்டை, பையைத் திற என்ற அதட்டல் எல்லாம் பயணத்தின் பகுதிகள். சீனக்குடா வந்தால் யன்னலை மூடு, வெளியே கைகாட்டாதே என்று சின்ன வயதில் அம்மா எங்களை அடக்கிவைத்தது நினைவிருக்கிறது.

இதன் விளைவு இப்போதுதான் தெரிகிறது. கண்டிப் பாதையின் ஒவ்வொரு வளைவுக்கும் 1960களிலிருந்து படம் இருக்கிறது. மேலைநாட்டு ரசிகர்கள் வந்து எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். கந்தளாய்க்கும் சீனக்குடாவுக்கும் இடையில் அந்த ஆண்டுகளில் எந்த எஞ்சின் எந்த வண்டியை இழுத்தது, எந்தச் சிறு நிலையம் எப்போது மூடியது, எப்போது திறந்தது என்று கேட்டால் படம் கிடைப்பது அரிது. இருப்பதெல்லாம் ஓய்வுபெற்ற நிலைய அதிபர்கள், கார்ட்மார், பாதை ஊழியர்கள், அப்பாவைப் போல யன்னலோரம் விழித்திருந்த பயணிகள் ஆகியோரின் தலைக்குள். அவர்களுக்கெல்லாம் எழுபது, எண்பது வயது. இந்தக் கட்டுரைக்கு அவசரம் வந்ததே அதனால்தான்.

இருட்டில் கைமாறும் வளையம்

தம்பலகாமத்து வயல்கள் இருட்டில் தெரியவில்லை, சேற்று மணம் மட்டும் உள்ளே வந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பாதிப் பேர் அதற்குள் நித்திரை. அப்பா பார்சலை அவிழ்த்து இடியப்பமும் சம்பலும் பங்கிட்டார். எம்-4ஐ அடையாளம் கண்ட பையனுக்கும் ஒரு பங்கு போனது. அவனும் தாயுமாகக் கொழும்புக்குப் போகிறார்கள். மகனுக்கு எஞ்சின் பித்து. தாய்க்குக் காலையில் ஆஸ்பத்திரி கிளினிக். ஒரே டிக்கெட்டில் இரண்டு காரியம் என்று அந்த அம்மா சிரித்தார்.

அடுத்த நிலையம் நெருங்கும்போது அப்பா எங்களை யன்னலுக்கு அழைத்தார். மேடையில் விளக்கோடு ஓர் ஊழியர். அவர் கையில் ஒரு பெரிய வளையம், அதன் அடியில் தொங்கும் தோல்பை. வேகம் குறைத்து வந்த எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதைப் பறித்துக்கொண்டது. அதேவேளை எஞ்சினிலிருந்த வளையம் மேடைக்குப் போனது.

அந்தப் பைக்குள் இருப்பது உள்ளங்கையளவு வட்ட உலோகத் தகடு. ரயில்வேக்காரர் வாயில் அது 'டப்லட்'. இரண்டு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு முனையில் தகடு ஒன்று வெளியே வந்துவிட்டால், அது போய்ச் சேர்ந்து உள்ளே போடப்படும்வரை இன்னொன்று வெளியே வராது. தகடு கையில் இல்லாத சாரதி அந்த ஒற்றைப் பாதைத் துண்டுக்குள் நுழையக்கூடாது. இந்த விதி மீறப்படாதவரை எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் சந்திக்க வாய்ப்பேயில்லை. 1874இல் இங்கிலாந்தின் நோரிச் அருகே இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதிய பிறகு எட்வர்ட் டயர் என்பவர் யோசித்து 1878இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. கணினி இல்லை, செய்மதி இல்லை. கிழக்குப் பாதையின் பாதுகாப்பு இன்னும் இந்தத் தகட்டில்தான் நிற்கிறது.

இதைப் பின்தங்கிய நிலை என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு, அருங்காட்சிப் பொருள் என்று கொண்டாடுபவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும் பாதி உண்மை. கையால் செய்யும் இந்த வேலைக்கு ஒவ்வொரு நிலையத்திலும் இரவெல்லாம் விழித்திருக்க ஆள் வேண்டும். ஆட்பற்றாக்குறை என்று வந்தால் முதலில் தடுமாறுவது இப்படியான கிளைப் பாதைகள்தான். மலைநாட்டுப் பாதையில் ஆசனம் கிடைக்கவில்லை என்றால் நாடே பேசுகிறது. திருகோணமலை வண்டி தாமதமானால் கந்தளாய்ச் சந்தையில் மட்டும் பேச்சு.

▪ பெட்டிச் செய்தி: ரசிகர் வாயில் அடிபடும் எஞ்சின்கள்

எம்-2: கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா அனுப்பியவை. ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் செய்யப்பட்டு, பெரும்பாலும் கனேடிய மாகாணங்களின் பெயர் சூட்டப்பட்டவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பெரலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு அடித்துச் செல்லப்பட்ட வண்டியை இழுத்தது 591ஆம் இலக்க 'மனிற்றோபா'. திருத்தப்பட்டு மீண்டும் ஓட்டத்துக்கு வந்தது.

எம்-4: மொன்றியல் எஞ்சின் ஆலையில் 1975இல் செய்யப்பட்ட 14 எஞ்சின்கள். நீண்ட உடல், பன்னிரண்டு சிலிண்டர், தனியான ஒரு துடிப்புச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வார்கள்.

எம்-8: 1996இல் இந்தியாவின் வாரணாசியிலிருந்து வந்தவை. இலங்கை ரயில்வேயின் பலசாலிகள்.

(கனடாவிலிருந்து எஞ்சின் இங்கே வந்தது, இங்கிருந்து ஆட்கள் கனடாவுக்குப் போனார்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பா இதைச் சொல்லிச் சொல்லியே மாய்வார்.)

யானைக்காடு

கந்தளாய் தாண்டினால் இருபுறமும் காடு. கல்ஓயாவுக்கும் ஹபரணைக்கும் நடுவே வண்டி ஊரத் தொடங்கும். புதிதாக வருபவர்கள் எஞ்சின் பழுது என்று நினைப்பார்கள். காரணம் யானை.

2018 செப்டம்பரில் ஹபரணை அருகே எரிபொருள் வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 ஒக்ரோபரில் மின்னேரியப் பகுதியில் மறுபடி எரிபொருள் வண்டி, இரண்டு யானைகள். 2025 பெப்ரவரி 20 அதிகாலை, மட்டக்களப்பிலிருந்து கொழும்பு சென்ற பயணிகள் வண்டி ஹபரணை கல்ஓயாப் பகுதியில் யானைக் கூட்டத்தில் மோதியது. குறைந்தது ஆறு யானைகள் செத்தன, வண்டி தடம்புரண்டது. அதன் பிறகு கிழக்குப் பாதையின் இரவு வண்டிகளுடைய நேரத்தை மாற்றும் அளவுக்குப் பேச்சு எழுந்தது.

தடம்புரண்ட எரிபொருள் வண்டி, சிதைந்த தண்டவாளம், இரத்து செய்யப்பட்ட சேவைகள், கிளினிக்குக்குப் போகமுடியாமல் ஊர்திரும்பிய நோயாளிகள் என்று கணக்கு நீளும். யானையை ஒருபக்கமும் பயணியை மறுபக்கமும் நிறுத்தி வாதாடுவது எனக்கு எப்போதும் பொய்யாகத் தோன்றும். இரண்டுக்கும் தேவையானது ஒன்றே: சாரதிக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். பல நூறு தொன் எடையுள்ள வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிறேக் போட்டு நிற்பதற்கில்லை. வளைவிலும் வெட்டப்படாத பற்றைக்குள்ளும் தெரியவே தெரியாது.

ரயில் ரசிகர்களுக்கு இங்கே ஒரு பங்கு இருக்கிறது என்று முதலில் நான் நம்பவில்லை. அடிக்கடி பயணம் செய்கிறவர்கள் எந்த மைல்கல் அருகே எந்த மாதத்தில் யானை கடக்கிறது என்று கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார்கள். எஞ்சின் இலக்கத்தைக் குறிக்கிற அதே கொப்பி. வனஜீவராசிகள் திணைக்களத்திடம் இல்லாத தகவல் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எரிச்சலோடு வண்டியின் மந்தகதியைத் திட்டும் பயணியிடம், ஏன் ஊர்கிறது என்று பக்கத்து இருக்கையில் இருந்து எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயமல்ல. அன்று அந்த வேலையை அப்பா செய்தார். கேட்டவர் சமாதானமாகவில்லை, பஸ்ஸில் போயிருந்தால் ஆறேழு மணி நேரத்தில் போயிருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே சரிந்து படுத்தார். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

பொல்கஹவெலயில் இறங்கிக் காத்திருத்தல்

மற்ற ரயில் ரசிகர்களோடு எங்கள் சந்திப்பு கடுகண்ணாவையில். அதற்குக் கொழும்புவரை போகத் தேவையில்லை. பொல்கஹவெலச் சந்தியில் நடுச்சாமம் தாண்டி இறங்கி, மேடையில் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்து, கண்டிப் பக்கம் போகும் முதல் வண்டியைப் பிடிக்கவேண்டும். றம்புக்கனை தாண்டியதும் ஏற்றம். 44 அடிக்கு ஓர் அடி உயரும் பாதை. கிழக்கின் சமதரையிலேயே ஓடிப் பழகிய எங்களுக்கு எஞ்சின் திணறுவதைக் கேட்பதே ஒரு தனி அனுபவம். புயலுக்கு முந்திய ஓகஸ்ட் அது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டுப் பாதைகளைப் பெயர்த்துப் போடும் என்று அன்று யார் கண்டது.

கடுகண்ணாவை நிலையத்தோடு ஒட்டியிருக்கிறது தேசிய புகையிரத அருங்காட்சியகம். இலங்கை ரயிலின் 150ஆவது ஆண்டு நிறைவில், 2014 டிசம்பர் 27இல் திறந்தார்கள். பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் சமிக்ஞைக் கருவிகளும் தொட்டுப் பார்க்கும் தூரத்தில். அங்கேதான் ஒரு சின்னக் கூட்டம் எங்களுக்காக நின்றது. கண்டிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், மொறட்டுவையிலிருந்து பொறியியல் மாணவர்கள் சிலர், வவுனியாவிலிருந்து ஒரு மருந்துக் கடைக்காரர், பேரனோடு வந்த ஓய்வுபெற்ற சாரதி ஒருவர். சிங்களம், தமிழ், இடையிடையே ஆங்கிலம். மொழி தடுக்கிய இடத்தில் எஞ்சின் இலக்கம் கைகொடுத்தது.

அப்பா தன் பையிலிருந்து ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்தார். உள்ளே அட்டை டிக்கெட்டுகள். விரல் நீளம், தடித்த மட்டை, ஓரத்தில் அச்சு இயந்திரம் குத்திய திகதி, கார்ட் வெட்டிய முக்கோண ஓட்டை. திருகோணமலை, தம்பலகாமம், கந்தளாய், கல்ஓயா. வெளியேறும்போது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியவை. எப்படி இத்தனை மிஞ்சின என்று நான் கேட்கவில்லை. அரச ஊழியர், பாவம்.

மொறட்டுவைப் பையன்கள் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள். திகதிகளை ஒழுங்குபடுத்தி அடுக்கினார்கள். அப்போது ஒருவன் கவனித்தான், சில ஆண்டுகளில் கல்ஓயாவுக்கு இப்பால் ஒரு டிக்கெட்டும் இல்லை. ஏன் என்று சிங்களத்தில் கேட்டான். அப்பா நெடுநேரம் பேசினார். எந்த மாதம் பாலம் போனது, எப்போது வண்டி பாதியில் நின்றது, கந்தளாயிலிருந்து லொறியில் ஊருக்கு வந்தது, கச்சேரியில் வாறண்டுகள் பாவிக்காமலே காலாவதியானது. பையன் கைபேசியில் ஒலிப்பதிவை அழுத்தி மேசையில் வைத்தான். சாரதி இடையில் புகுந்து ஒரு திகதியைத் திருத்தினார். அவர் அந்த நாட்களில் அதே பாதையில் எஞ்சின் ஓட்டியவராம். அப்பாவும் அவரும் ஒரே வண்டியில், ஒருவர் எஞ்சினிலும் மற்றவர் மூன்றாம் வகுப்பிலுமாக, எத்தனையோ தடவை போயிருக்கிறார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பி.டி. ரம்பாலாவின் நிர்வாகத்தைப் புகழத் தொடங்கினார்கள். 1955 முதல் ரயில்வேயின் பொது முகாமையாளராக இருந்து நீராவியை ஒழித்து டீசலைக் கொண்டுவந்த மனிதர். அவருக்குப் பின் எல்லாம் நாசம் என்பது இருவரின் ஏகமனதான தீர்ப்பு. இளைஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சத்தம் கூடியது, காவலாளி எட்டிப்பார்த்தார்.

படம் எடுக்கப் போகிறீர்களா?

ஒரு விஷயத்தில் மட்டும் கிழடுகளும் இளசுகளும் ஒத்துப்போனார்கள். மலைநாட்டுப் பாதையில் வாசலில் தொங்கிக்கொண்டு செல்பி எடுக்கிறவர்களை ரசிகர் என்று சேர்க்க அங்கே யாரும் தயாரில்லை. படமெடுக்க அவர்கள் சொன்ன விதிகள் இவை: மேடையில் நில், தண்டவாளத்தில் நிற்காதே, நிலைய அதிபரிடம் ஒரு வார்த்தை கேள், இரவில் சாரதியின் முகத்துக்கு பிளாஷ் அடிக்காதே. சாரதி கடைசி விதியை இரண்டு மொழியிலும் சொன்னார். திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் இன்னொன்று சேர்ப்பேன்: சீனக்குடாவில் கமெராவைத் தூக்குமுன் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலம் மாறிவிட்டது, மதில்கள் மாறவில்லை.

அடுத்த சந்திப்பைத் திருகோணமலையில் வைப்பதென்று அங்கேயே பேசிவைத்தார்கள். புயலால் அது தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. மாரி மழை ஓய்ந்த ஒரு மாதமாகப் பார்க்கவேண்டும். நிலைய அதிபருக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. ஓய்வுபெற்ற கார்ட்மார் இருவரைக் கந்தளாயிலிருந்து அழைத்துவருவது அப்பாவின் பொறுப்பு. ஒலிப்பதிவுக்கு மொறட்டுவைப் பையன்கள். அப்பா ஒரேயொரு நிபந்தனை போட்டிருக்கிறார்: வருகிறவர்கள் இரவுத் தபால் வண்டியில்தான் வரவேண்டும். இரண்டு பேர் ஏற்கனவே வான் பேசிவிட்டார்கள் என்று கேள்வி. அதை அவருக்கு யார் சொல்வது என்று தெரியவில்லை.